கரி படிந்த கையும் கரண்டி பிடித்த கையும்



செல்வச் செருக்கை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். கழுத்து நிறையத் தங்கம் அணிந்து கோயிலுக்கு வருபவரைக் கண்டு, "பகட்டு" என்று நமக்குள் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அதைவிட நுட்பமான செருக்கு ஒன்று உண்டு. அது நகையில் இல்லை, நகைப்பில் இருக்கிறது. பிறர் எப்படி உண்கிறார், எப்படிப் பேசுகிறார், எங்கே அமர்கிறார், எதைக் கொண்டு முகம் துடைக்கிறார் என்று உற்று நோக்கி, உதட்டோரம் சிரித்து, "இவர் நம்மவர் அல்லர்" என்று தீர்ப்பெழுதும் செருக்கு அது. அதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. நேற்றுவரை பழையசோறு உண்டவர் நெஞ்சிலும் அது குடியேறிவிடுகிறது. இம்மாதம் அதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஆங்கிலேயர் வகுத்த அளவுகோல்

இக்கலையில் ஆங்கிலேயர் கைதேர்ந்தவர்கள். பர்மிங்காம் பல்கலைக் கழகத்து மொழியியல் பேராசிரியர் ஆலன் ராஸ் என்பவர், 1954ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் மேட்டுக்குடியினரை ஏனையோரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இக்காலத்தில் செல்வமும் அன்று, கல்வியும் அன்று; அவர்கள் வாயிலிருந்து வரும் சொற்களே என்பது அவர் கருத்து. மறு ஆண்டு, பிரபு ஒருவரின் மகளான எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்டு, அக்கருத்தை 'என்கவுன்டர்' இதழில் எல்லாரும் படித்துச் சுவைக்கும் வண்ணம் எழுதினார். நாடெங்கும் அதே பேச்சாயிற்று.

உணவு மேசையில் கை துடைக்கும் துணியை 'நாப்கின்' என்பவர் மேற்குடி. 'சர்வியெட்' என்பவர் அதற்குக் கீழ். முகம் பார்க்கும் கண்ணாடியை 'லுக்கிங் கிளாஸ்' என்பவர் மேல். 'மிரர்' என்பவர் கீழ். கோப்பையில் தேநீருக்கு முன்பே பாலை ஊற்றுபவர் இன்ன வகையினர் என்று கூட ஒரு கிசுகிசு உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு மணம் வீசும் நயமான சொல்லைச் சொன்னால் தாம் உயர்ந்துவிடலாம் என்று நம்பிய நடுத்தர மக்களே பெரிதும் அகப்பட்டுக்கொண்டனர். பிறர்முன் உயர்ந்து தோன்ற வேண்டும் என்னும் அவர்களது பதைபதைப்பே அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

இதைப் படித்து நாம் சிரிக்கலாம். ஆனால் நம் வீட்டு உணவறையில் நடப்பது என்ன? 'சோறு' என்று சொன்னால் பட்டிக்காடு. 'சாதம்' என்றால் நாகரிகம். 'ரைஸ்' என்றால் அதைவிட உயர்வு. 'பொண்டாட்டி' என்பவர் கீழ். 'மனைவி' என்பவர் நடு. 'மிஸஸ்' என்பவர் மேல். தட்டில் கிடப்பது அதே அரிசிதான். வீட்டிலிருப்பது அதே அம்மையார்தான். சங்க காலச் சேர மன்னன் ஒருவனுக்குப் 'பெருஞ்சோற்று உதியன் சேரலாதன்' என்றே பெயர். முடிமன்னன் பெயரிலேயே விளங்கிய சொல், இன்று மூன்று அறை வீட்டில் வாழும் நமக்கு இழுக்காகிவிட்டது!

சொல் வேற்றுமை சிரிப்போடு போய்விடும். ஆனால் இவ்வளவுகோல் உழைப்பாளியின் உடல்மீதே வைக்கப்படும்போது அது சிரிப்பாக இருப்பதில்லை.

சுரங்கத் தொழிலாளியும் குளியலும்

ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளரைப் பலர் அறிவர். அவர் 1903இல் நம் நாட்டில், பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்தவர். 1936ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் நிலக்கரி ஊர்களில் தங்கி, சுரங்கத்தினுள்ளும் இறங்கிப் பார்த்து, மறு ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். தாம் பிறந்த நடுத்தரக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ஊட்டப்பட்ட ஒரு நம்பிக்கையை அதில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உழைக்கும் மக்கள் இயல்பிலேயே நாற்றமுடையவர் என்பதே அது. கருத்து வேற்றுமையைக் கடக்கலாம். கல்வி வேற்றுமையையும் கடக்கலாம். உடலளவில் ஏற்படும் அருவருப்பைக் கடப்பது மிகக் கடினம் என்று அவர் கண்டார்.

அக்காலத்தில், "சுரங்கத் தொழிலாளிக்கு வசதி செய்து கொடுத்தாலும் அவன் ஒழுங்காகக் குளிக்கப் போவதில்லை" என்று வசதியுள்ளோர் பேசிக்கொண்டனர். ஆர்வெல் கண்டது வேறு. பெரும்பாலான சுரங்கங்களில் குளியலறையே கிடையாது. வீட்டில் குழாயில் வெந்நீர் வராது. ஒரு சிறு தொட்டி நீரில் முகத்தையும் மார்பையும் கழுவுவதே பெரும்பாடு. வேலை முடிந்து வந்தவன் பசியோடு முதலில் உணவுக்கு அமர்வான். முகமெல்லாம் கரி, உண்பதால் உதடு மட்டும் சிவந்திருக்கும். ஆனால் சுரங்க வாயிலிலேயே குளியலறை கட்டப்பட்ட இடங்களில், ஏறக்குறைய எல்லாத் தொழிலாளரும் குளித்துவிட்டே வீடு திரும்பினர். எனவே, இயற்கைக் குணம் என்று எண்ணப்பட்டது குணமே அன்று, குழாய் இல்லாமையே.

பிறருடைய பழக்கம் என்று நாம் இகழ்வதில் எவ்வளவு பங்கு உண்மையில் வசதியின்மை என்பதை ஆராய்ந்து பார்க்க, நாம் விகன் நகருக்குச் செல்ல வேண்டியதில்லை.

நம் பழுப்பு நிலக்கரி நகரில்

நான் பணிபுரியும் நெய்வேலியும் ஒரு சுரங்க ஊர். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதும், 1956இல் நிறுவனம் உருவானதும், 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும், 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டதும், 1962இல் மின்சாரம் பிறந்ததும் நம் ஊர்ப் பிள்ளைகள் அறிந்த வரலாறு. அகன்ற சாலைகளும் நிழல் மரங்களும் வரிசை வரிசையாக வட்டங்களும் கொண்ட அழகிய நகர் இது. நாட்டின் பல மாநிலத்தாரும் இங்கே அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். இது பெருமைக்குரியதே.

ஆயினும் இந்நகரில் புதியவர் ஒருவரைச் சந்தித்தால் நாம் கேட்கும் முதற் கேள்விகள் எவை? "எந்த வட்டம்? எந்த வகை வீடு?" பதவிக்கேற்ப வீடு ஒதுக்குவது நிர்வாக ஒழுங்கு. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் வீட்டின் வகை மனிதரின் வகையாகிவிடுகிறது. அதிகாரி, ஊழியர், நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, அவருக்கும் அப்பால் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வெளியே வாழும் கிராமத்தார் என்று ஒரு படிக்கட்டு நம் மனத்தில் எழும்பி நிற்கிறது. அப்படிக்கட்டில் கீழே நிற்பவருடைய பழக்கங்கள் யாவும் மேலே நிற்பவருக்கு அநாகரிகமாகத் தோன்றுகின்றன.

அவற்றுள் சிலவற்றை எடுத்துப் பார்ப்போம். அவர் உரக்கப் பேசுகிறார் என்கிறோம். இயந்திரங்களின் இரைச்சலுக்கிடையே இருபது ஆண்டு நின்றவர் குரல் தாழ்த்திப் பேசிப் பயனில்லை. அவர் செவியும் பழுதுபட்டிருக்கலாம். அவர் அவசர அவசரமாக அள்ளி உண்கிறார் என்கிறோம். ஷிப்டின் இடைவேளையில் உண்டு பழகியவருக்கு உணவு என்பது உரையாடல் அன்று. தோளில் எப்போதும் துண்டு கிடக்கிறது என்கிறோம். அது அவருக்கு வியர்வை துடைக்கும் கைக்குட்டை, தலைக்கு நிழல், படுக்கும்போது விரிப்பு. நாற்காலி இருக்கத் தரையில் அமர்கிறார் என்கிறோம். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்த முதுகுக்குத் தரையே இதம். காலையில் பழையதும் வெங்காயமும் உண்கிறார் என்கிறோம். வெயிலில் வேலைக்குச் செல்லும் உடல் நீரையும் குளிர்ச்சியையும் நாடுகிறது. ஒவ்வொரு பழக்கத்தின் பின்னும் ஓர் உழைப்பு நிற்கிறது. அவ்வுழைப்பு தந்த மின்விளக்கின் கீழ் அமர்ந்துகொண்டே நாம் அப்பழக்கத்தை எள்ளுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கன்வேயர் பட்டைப் பகுதியில் பல்லாண்டு வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். அவர் மகள் படித்தவள், பண்புள்ளவள். நல்ல இடத்தில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டில் கேசரியைக் கரண்டியோடு கொடுத்தார்கள். அவர் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் உண்டார். காப்பியைச் சற்று உறிஞ்சிக் குடித்தார். நகக்கண்ணிலும் விரல் வெடிப்பிலும் எவ்வளவு தேய்த்தும் போகாத கருமை இருந்தது. நான்கு நாள் கழித்து, "ஜாதகம் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை, ஆனாலும் பொருத்தம் சரியாக இல்லை" என்று செய்தி வந்தது. உண்மைக் காரணம் பிறகு யார் வாயாலோ அவர் காதுக்கு எட்டியது.

அந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமைந்துவிட்டது. ஆனால் அந்தத் தந்தை இன்றும் பிறர் இல்லத்தில் எதையும் உண்பதில்லை. "இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன், சாமி" என்பார். பேசும்போது இரு கைகளையும் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார். ஒரு குடும்பத்தை உயர்த்திய கைகள் அவை. அவற்றை அவரே ஒளித்துவைக்கும்படி செய்துவிட்டது ஓர் ஏளனச் சிரிப்பு. யாரும் அவரை அடிக்கவில்லை; திட்டவுமில்லை. இப்பாவத்தின் இயல்பே அதுதான். செய்தவருக்கு நினைவே இராது. பட்டவருக்கு ஆயுள் முழுதும் மறக்காது.

இகழ்ந்தது திரும்பி வரும்

இகழ்ச்சிக்குக் காரணமாக நாம் சொல்லும் சுகாதாரமும் நாகரிகமும் பெரும்பாலும் சாக்குகளே. எப்படி அறியலாம்? இகழப்பட்ட பொருளே செல்வர் கைக்குச் சென்றதும் மதிப்புப் பெற்றுவிடுகிறது.

கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் நம் தென்னார்க்காட்டுக் கிராமங்களின் அன்றாட உணவாக இருந்தன. நெல்லரிசி உண்ணத் தொடங்கியவர்கள் அவற்றை ஏழையின் தட்டுக்கு ஒதுக்கினர். பிறகு நம் நாட்டின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது அதே கம்பும் கேழ்வரகும் அழகிய பொட்டலங்களில், அரிசியை விஞ்சிய விலையில் விற்கின்றன. பழையசோற்றைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ச்சிக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டனர். இங்கிலாந்திலும் இக்கதை உண்டு. இன்று செல்வர் விருந்தில் இடம்பெறும் கடற்சிப்பி, 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஏழைகளின் மலிவு உணவு. உணவு மாறவில்லை, உண்பவர் மாறினார். அப்படியானால், முன்பு நாம் இகழ்ந்தது உணவையா, உண்டவரையா?

அதிகமாக இகழ்பவர் யார் என்றும் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக வசதியில் வாழ்ந்தவரைவிட, அண்மையில் படியேறியவரே கீழ்ப்படியில் நிற்பவரைப் பார்த்து முகம் சுளிக்கின்றனர். "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்" என்று நம் முன்னோர் கேலி செய்தார்கள். ஆனால் அக்குடைக்குள் கேலியைவிட அச்சம் அதிகம். தம் தந்தையின் துண்டும் தாயின் பேச்சும் தம்மை எங்கே காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற அச்சம்! கிராமத்திலிருந்து வந்த தாத்தாவை, விருந்தினர் வரும் நேரத்தில் பின்கட்டில் அமர்த்தும் வீடுகள் உண்டு. பெற்றோர் கூட்டத்துக்கு "அப்பா வர வேண்டாம், அம்மா போதும்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. பெற்றவரைக் கண்டு நாணும் பிள்ளையை எந்தப் பள்ளியும் உருவாக்குவதில்லை. நம் உணவறைப் பேச்சைக் கேட்டே அது வளர்கிறது.

எது குற்றம், எது வேற்றுமை?

"அப்படியானால் எப்பழக்கத்தையும் திருத்தக் கூடாதா?" என்று கேட்பீர்கள். திருத்த வேண்டும். ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இப்பழக்கத்தால் யாருக்கேனும் தீங்கு உண்டா? பொது இடத்தில் எச்சில் துப்புவது பிறருக்கு நோய் தரும். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பது கொடுமை. இவற்றைத் தொழிலாளி செய்தாலும் தவறு, அதிகாரி செய்தாலும் தவறு. கையால் உண்பது, கருவாடு சமைப்பது, தரையில் அமர்வது, தங்கள் ஊர் வழக்கில் பேசுவது ஆகியவற்றால் யாருக்கு என்ன தீங்கு? இவை வேற்றுமைகள், குற்றங்கள் அல்ல.

அதே கேள்வியை மேற்படியில் நிற்பவரிடமும் கேட்க வேண்டும். திருமண விருந்தில் தட்டு நிறைய எடுத்துப் பாதியைக் கொட்டுவது எந்த நாகரிகம்? தோட்ட வேலைக்கு வரும் அறுபது வயதுப் பெரியவரை, பத்து வயதுச் சிறுவன் "நீ வா, நீ போ" என்று பேசுவதைப் பெற்றோர் கேட்டும் கேளாதிருப்பது எந்தப் பண்பு? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கெனச் சன்னலோரத்தில் தனித் தம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைப்பது எந்தத் தூய்மை? அவர் கழுவித் தரும் தட்டில் நாம் உண்கிறோம். அவர் குடித்த தம்ளரில் நாம் குடிப்பதில்லை!

தனித் தம்ளர் என்று சொன்னவுடன் நம் நாட்டின் பழைய நோய் நினைவுக்கு வருகிறது. சாதியைச் சொல்ல வெட்கப்படும் இடத்தில், "பழக்கவழக்கம் ஒத்துவராது" என்ற சொல் அதற்குப் போர்வையாகிறது. நம் திருச்சபையும் இந்நோய்க்குத் தப்பியதன்று. திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் ஆலயத்தில் இறைமக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவர் 1910இல் அகற்றப்பட்டபோது, அது மீண்டும் வேண்டுமென நீதிமன்றம் வரை சென்றோர் இருந்தனர். வழக்கு அவர்களுக்குச் சாதகமாக முடியவில்லை. கல்லால் எழுந்த சுவரை இடிக்கலாம். முகச் சுளிப்பால் எழும் சுவருக்குக் கடப்பாரை ஏது? பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் கந்தையுடுத்தவருக்குக் கால்மாட்டில் இடமும் தந்த சபையைப் புனித யாகப்பர் அன்றே கடிந்துகொண்டார்.

நமக்கு அண்மையிலேயே ஒரு நல்ல சான்றும் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே பசித்து வருபவரிடம் குலமோ பதவியோ கேட்பதில்லை. இலை போட்டுச் சோறு பரிமாறுகிறார்கள்.

2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாளையும் ஜூலை முதல் நாளையும் நெய்வேலி மறக்காது. இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பகுதியில் நேர்ந்த விபத்துகளில், நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் உயிரிழந்தனர். நெருப்பு எவரிடமும் வட்டம் எது, வீடு எவ்வகை என்று கேட்கவில்லை. அந்நாள்களில் நாமும் கேட்கவில்லை. எல்லா வீட்டுக்கும் சென்றோம், எல்லாத் தாய்மாருடனும் அமர்ந்து அழுதோம். சாவு வீட்டில் தரையில் அமர முடிந்த நமக்கு, வாழ்வு வீட்டில் அமர முடியாதா?

இம்மாதம் நம் இல்லங்களில் மூன்று செயல்களை மேற்கொள்வோம். சன்னலோரத்துத் தனித் தம்ளரை எடுத்து மற்றவற்றோடு அடுக்குவோம். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் மூத்தோரை "வாங்க, போங்க" என்று அழைக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். நாமும் அவ்வாறே அழைப்போம். அன்பியக் கூட்டத்தை, "நாற்காலி இல்லை" என்ற காரணத்தால் இதுவரை யாரும் நடத்தாத அந்த வீட்டில் நடத்துவோம். அங்கே பாய் இருக்கும். அவர்கள் கொடுக்கும் காப்பியை மறுக்காமல் குடியுங்கள். மறவாமல், அந்த வீட்டுத் தலைவரையும் உங்கள் அருகில் அமர்ந்து குடிக்கச் சொல்லுங்கள். அவர் உறிஞ்சிக் குடித்தால், பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது உங்கள் முகம் மாறாதிருக்கட்டும்.